எனக்க பேச்சு, உனக்க பேச்சு: வாசகர் கேள்வி பதில்

மொழி பற்றிய பகுதிக்கு இம்முறை குமரி மாவட்டத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: விடுமுறைக்கு மதுரைக்குப் போகும் என் பிள்ளைகளை, "நீங்க பேசுறது மலையாளமா?" என்று அங்குள்ள பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம். வெள்ளம், சக்கை (பலா), பறைஞ்சான் என்று சொல்வதால் அது மலையாளம் ஆகிவிடுமா?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

ஆகாது. சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஒருவரும் தப்ப முடியாது. மதுரைக்காரர் வாயில் வரும் சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாமே போர்ச்சுகீசியச் சொற்கள்தாம். அதற்காக அவரைப் போர்ச்சுகீசியர் என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு பேச்சு எந்த மொழியைச் சேர்ந்தது என்று அறிய முதலில் வினைமுற்றைப் பாருங்கள். மலையாளத்தில் யார் வந்தாலும் 'வந்நு'தான்: ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு. ஆள், பால், எண் காட்டும் விகுதி அங்கே உதிர்ந்துவிட்டது. பழைய மலையாளப் பாடல்களில் விகுதி இருக்கிறது, பேச்சில் படிப்படியாகப் போய்விட்டது. உங்கள் வீட்டில் நான் வந்தேன், அவன் வந்தான், அவ வந்தா என்றுதானே பேசுகிறீர்கள்? அப்படியென்றால் அது தமிழ். 'அவன் என்னட்ட பறைஞ்சான்' என்பதில் 'பறை' இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அதன் கடைசியில் இருக்கும் 'ஆன்' தமிழ் விகுதி. பேசுதல் என்ற பொருளில் 'பறைதல்' பழந்தமிழிலும் உண்டு, நீர் என்ற பொருளில் 'வெள்ளம்' என்பதும் அப்படியே.

அடுத்தது மெல்லின ஒலி. மலையாளத்தில் மெல்லினம் பக்கத்து வல்லினத்தை விழுங்கிவிடும். மாங்காய் 'மாங்ங' ஆகும், மஞ்சள் 'மஞ்ஞள்' ஆகும், வந்து 'வந்நு' ஆகும். மாவட்டத்தின் பெரும்பகுதியில் மாங்காவும் தேங்காவும் வல்லினத்தோடுதான் ஒலிக்கின்றன. களியக்காவிளைக்கு அருகில் சில வீடுகளில் இரண்டும் கேட்கும். எல்லையோரம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

மூன்றாவதாக வேற்றுமை உருபு. 'எனக்க வீடு', 'அவனுக்க மாடு' என்கிறீர்கள். மதுரையில் 'என்னோட', எழுத்துத் தமிழில் 'எனது', மலையாளத்தில் 'என்றெ'. உங்கள் 'எனக்க' இந்த மூன்றிலும் சேராது. நான்காம் வேற்றுமை உருவம் ஆறாம் வேற்றுமை வேலையைச் செய்கிறது. இரவல் வாங்கிய பேச்சில் இப்படி ஒரு சொந்த வளர்ச்சியைப் பார்க்க முடியாது. பிள்ளைகள் இதைச் சொல்லிக் காட்டினால் மதுரைப் பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள்.

சொற்கள் மட்டும் ஏன் இவ்வளவு ஒத்துப்போகின்றன? தரையைப் பாருங்கள். விளவங்கோட்டிலிருந்து கேரளத்து நெய்யாற்றின்கரைக்குப் போக மலை தாண்ட வேண்டியதில்லை. கிழக்கே திருநெல்வேலிச் சீமைக்குப் போக ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்க வேண்டும். அந்தக் கணவாய் வழியே தோவாளைக்கும் அகஸ்தீஸ்வரத்துக்கும் நெல்லைப் பேச்சு எளிதாக வந்தது. 'சொல்லுதான்', 'படிக்கான்' என்று நிகழ்காலம் சொல்வது இரு பக்கமும் பொது. இதோடு ஆட்சியும் சேர்ந்தது. இந்த மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் 1795 வாக்கு வரை திருவிதாங்கூரின் தலைநகரம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முன் பல தலைமுறைக்கு அலுவலகத் தாள், கோர்ட்டு, பெரிய சந்தை எல்லாம் மேற்கே பார்த்தபடியே இருந்தன.

இன்னொன்று. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களைத் 'திசைச்சொல்' என்று தொல்காப்பியமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பிற்கால உரைகாரர்கள் அந்தப் பன்னிரண்டில் வேணாட்டையும் (குமரியும் தென்கேரளமும் சேர்ந்த பழைய நாடு) எண்ணி, வேணாட்டார் தோட்டத்தைக் 'கிழார்' என்பார்கள் என எடுத்துக்காட்டும் தருகிறார்கள். தாயைக் குறிக்கும் 'தள்ளை' மலைநாட்டுப் பக்கத்துச் சொல்லாக அதே பட்டியலில் வருகிறது. இன்றும் மேற்கே தள்ளைக்கோழி என்கிறார்கள். அந்த உரைகாரர்கள் எவரும் இவற்றைக் கொச்சை என்று ஒதுக்கவில்லை. கொச்சை என்று முத்திரை குத்துவதெல்லாம் பாடப்புத்தகம் வந்த பிறகு பிடித்த நோய்.

கேள்வி: குளச்சலில் சாளை என்பதைச் சென்னை மீன்கடையில் மத்தி என்கிறார்கள். அயலை என்று கேட்டால் அங்கே தெரிவதில்லை, கானாங்கெளுத்தி என்கிறார்கள். ஒரு சொல் எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியுமா?
— மீன் வியாபாரம் செய்யும் வாசகர், குளச்சல்

முடியும், மொழியியலில் அது அன்றாட வேலை. ஊர் ஊராக ஒரே பொருளுக்குப் பெயர் கேட்டு வரைபடத்தில் குறித்து, சாளை சொல்லும் ஊர்களுக்கும் மத்தி சொல்லும் ஊர்களுக்கும் நடுவில் கோடு இழுப்பார்கள். நீங்கள் சொன்ன சாளை அதற்கு அருமையான எடுத்துக்காட்டு. கேரளத்தில் தெற்கே 'சாள', வடக்கே 'மத்தி'. அதாவது இந்தச் சொல்லின் எல்லை களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் இல்லை, அதைத் தாண்டிக் கேரளத்துக்குள்ளேயே குறுக்கே ஓடுகிறது. குளச்சல்காரரும் விழிஞ்ஞத்துக்காரரும் ஒரு பக்கம், கோழிக்கோட்டுக்காரரும் சென்னைக்காரரும் மறுபக்கம்!

மரச்சீனியும் இப்படித்தான். கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. திருவிதாங்கூரில் அதை உணவாகப் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாளுக்குப் பெரிய பங்கு உண்டு. பயிர் பரவிய வழியே பெயரும் பரவியதால் குமரியிலும் திருவனந்தபுரத்திலும் மரச்சீனி. கோட்டயம் பக்கம் அதுவே கப்ப, சேலத்தில் மரவள்ளி. புதிதாக வந்த பொருளின் பெயர் அது இறங்கிய சந்தையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒற்றைச் சொல்லின் கோட்டை வைத்து வட்டாரம் பிரிக்கக் கூடாது. சொல் சந்தையோடு போகும், வரும். பத்துப் பதினைந்து கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து, அவை கற்றையாக நெருங்கும் இடத்தைத்தான் வட்டார எல்லை என்கிறோம். அந்தக் கற்றையில் ஒலி, விகுதி பற்றிய கோடுகளுக்கு எடை அதிகம்.

கடற்கரைப் பேச்சு உள்நாட்டோடு ஒட்டாமல் இருப்பதற்குக் காரணமும் கேட்டிருக்கிறீர்கள். கரைக்காரருக்குப் பக்கத்து ஊர் என்றால் கரையோரம் இருக்கும் அடுத்த துறை. நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் விளைக்காரரைவிட நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள துறைக்காரரிடம்தான் கடலிலும் கல்யாணத்திலும் பழக்கம். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயர் வைப்பதும், கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) போன்ற தொழிற்சொற்களும் கரையோடு ஓடுகின்றன.

கேள்வி: எங்கள் கல்லூரியில் சுற்று வட்டார ஊர்களின் பேச்சைப் பதிவு செய்து வரைபடம் தயாரிக்க ஆசை. கருவிக்குப் பெரிய செலவு செய்ய முடியாது. எப்படித் தொடங்குவது?
— இளங்கலை மாணவிகள், நாகர்கோவில்

கைபேசி போதும். கெடுவது பெரும்பாலும் கேள்வி கேட்கும் விதத்தில்தான்.

இந்த வேலைக்கு இரண்டு பழைய முன்மாதிரிகள் உண்டு. ஜெர்மனியில் கேயோர்க் வெங்கர் 1876-இல் தொடங்கி, பள்ளி ஆசிரியர்களுக்கு வாக்கியங்களைத் தபாலில் அனுப்பி, 'உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதித் தாருங்கள்' என்று கேட்டார். ஊர்கள் ஏராளமாகக் கிடைத்தன, ஆனால் ஒலி துல்லியமாகக் கிடைக்கவில்லை. பிரான்சில் கில்லியேரோன் வேறு வழி பிடித்தார். எட்மோன் என்ற ஒரே ஆளை 1897 முதல் 1901 வரை 639 ஊர்களுக்கு அனுப்பினார். எட்மோன் படித்த மொழியியலர் இல்லை, கடை வைத்திருந்தவர், ஆனால் காது கூர்மை. நீங்கள் எட்மோன் வழியைப் பின்பற்றுங்கள். வாட்ஸ்அப் படிவம் அனுப்பினால் வெங்கருக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும்.

ஊர்த் தேர்வு: சாலை வழியே ஐந்து கிலோமீட்டருக்கு ஓர் ஊர் என்று எடுங்கள். ஆரல்வாய்மொழியிலிருந்து நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை ஒரு வரிசை, கரையோரமாக இன்னொரு வரிசை. இரண்டு வரிசை போதும், மாவட்டம் முழுவதையும் அள்ள நினைத்தால் படிப்பு முடியும் வரை முடியாது. ஒவ்வோர் ஊரிலும் மூன்று தலைமுறை, ஆண் பெண் இருவரும், ஆக ஆறு பேர். முதியவர்களை மட்டும் தேடிப் போனால் நேற்றைய வரைபடம் கிடைக்கும், இன்றையது கிடைக்காது. சாதி, தொழில், படிப்பு, வெளியூரில் இருந்த காலம், துணைவர் எந்த ஊர் ஆகியவற்றையும் குறிப்புத்தாளில் எழுதுங்கள். தாய் எந்த ஊர் என்பதை மறந்துவிடாதீர்கள். அடுத்த ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவரின் பிள்ளைகள் வாயில் இரண்டு ஊரும் இருக்கும்.

கேட்கும் விதம்: 'தண்ணீருக்கு என்ன சொல்வீங்க?' என்று கேட்டால் 'தண்ணி' என்றுதான் பதில் வரும், ஏனென்றால் சொல்லை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். பொருளைக் காட்டுங்கள், படம் காட்டுங்கள், இல்லாவிட்டால் 'கிணத்துல இருந்து எதக் கோருவோம்?' என்று சுற்றி வாருங்கள். சமையல், உடம்பு, உறவுமுறை, பயிர், மீன், காற்று என்று 120 சொற்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பதில் சொல்பவர் களைத்து, எதைக் கேட்டாலும் 'அது அதுதான்' என்பார். சொல்லோடு இருபது வாக்கியமும் வேண்டும், அப்போதுதான் விகுதிகள் வெளிப்படும். ஒவ்வொன்றையும் மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். முதல் முறை பத்திரிகைத் தமிழாக வரும், மூன்றாவது முறை வீட்டுத் தமிழாகிவிடும்.

பிறகு பட்டியலை மூடிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா பேசவிடுங்கள். கோயில் கொடை (திருவிழா), மழை, பஸ், எதுவும் சரிதான். பட்டியலில் 'தண்ணீர்' சொன்னவர் அங்கே 'வெள்ளம்' சொல்வார். கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே பேச்சு திருந்திக்கொள்ளும் என்பதை அமெரிக்க மொழியியலர் லபோவ் 1960-களிலிருந்தே வலியுறுத்தி வந்தார்.

பதிவு: எம்.பி.3 வேண்டாம், வேவ் கோப்பாக 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்று அமையுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 மெகாபைட் ஆகும். கைபேசியை மேசையில் கிடத்தாதீர்கள், தட்டும் ஒலி ஏறும். துணி மடித்து அதன்மேல் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மின்விசிறியை அணையுங்கள். வெக்கைதான், ஆனால் விசிறி இரைச்சலில் 'ற்ற'வும் 'த்த'வும் ஒன்றாகிவிடும். பதிவின் தொடக்கத்திலேயே அவர் சம்மதத்தையும், ஊர், தேதி, வயதையும் பேசிவிடுங்கள். பெயரைக் கோப்பில் இடாமல் ஊர்க்குறியும் எண்ணும் மட்டும் இடுங்கள். அன்றே மூன்று பிரதி, அதில் ஒன்று வேறொருவர் வீட்டில்.

எழுதும்போது வரும் சிக்கல்: தமிழ் எழுத்து பேச்சொலி எல்லாவற்றையும் காட்டாது. 'காற்று' என்பதை நாக்கை மேல் ஈறில் வைத்து ஒலிப்பவரும் உண்டு, 'காத்து' என்று பல்லில் வைத்து ஒலிப்பவரும் உண்டு, ரகரம்போல உருட்டுபவரும் உண்டு. இவற்றுக்கு நீங்களே மூன்று குறி வைத்து முதல் பக்கத்தில் விளக்குங்கள். ழகரத்தையும் தனியே கவனியுங்கள். கிழக்கே பலர் நாவில் அது ளகரமாகிறது, மேற்கே போகப் போக ழகரம் நிற்கிறது.

வழிகாட்டுதல் தேவைப்பட்டால் திருவனந்தபுரத்தில் உள்ள பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளிக்கு எழுதுங்கள். அதை நிறுவிய வ.அய். சுப்பிரமணியம் உங்கள் ஊர் வடசேரியில் பிறந்தவர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர்.

கேள்வி: கோவையிலிருந்து மாற்றலாகித் தக்கலை வங்கிக் கிளைக்கு வந்திருக்கிறேன். ஓய், வே, லே எல்லாம் ஒன்றா? யாரிடம் எதைச் சொல்வது?
— வங்கி ஊழியர்

ஒன்றில்லை. தவறினால் கவுண்டரில் சண்டை வரும். கோவையில் நீ, நீங்க என்று இரண்டு படி. இங்கே நடுவில் 'நீரு' என்று ஒரு படி உயிரோடு இருக்கிறது. 'நீ வாலே' என்பது இளையவனுக்கும் நெருங்கிய கூட்டாளிக்கும். 'நீரு வாரும் ஓய்', 'என்ன வே' என்பது ஒத்த வயதுக்காரருக்கும் பழகிய பெரியவருக்கும். உரிமையும் மரியாதையும் சேர்ந்த படி. 'நீங்க வாங்க' என்பது புதியவருக்கும் உயர்ந்த மரியாதைக்கும். வாடிக்கையாளர் உங்களை 'ஓய்' என்றால் அது அவமரியாதை இல்லை, உங்களைச் சேர்த்துக்கொண்டார் என்று பொருள். பதிலுக்கு நீங்கள் அவசரப்பட்டு 'ஓய்' போட வேண்டாம், ஒரு வருடமாவது 'நீங்க'விலேயே நில்லுங்கள். முதியவரைப் 'பாட்டா' என்றும் நடுத்தர வயதுக்காரரை 'அண்ணாச்சி' என்றும் அழைக்கலாம். 'மக்களே' என்று உங்களை ஒரு பாட்டி கூப்பிட்டால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதீர்கள், அது உங்களைத்தான்.

கடைக்குப் போனால் ஒரு எச்சரிக்கை. 'மிளகு' என்று கேட்டால் சில கடைகளில் மிளகாய் வத்தல் வரும், குருமிளகுக்கு இங்கே 'நல்லமிளகு'. போர்ச்சுகீசியர் வழி வந்த புதுக் காரம் பழைய காரத்தின் பெயரைப் பறித்துக்கொள்ள, பழையது 'நல்ல' என்று அடைமொழி போட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. லுங்கி இங்கே சாரம், தேநீர் சாயா, பதநீர் அக்கானி.

கேள்வி: யாழ்ப்பாணத் தமிழும் எங்கள் தமிழும் காதுக்கு ஒன்றுபோல இருக்கின்றன. அவர்கள் இங்கிருந்து போனவர்களா?
— வாசகர், கருங்கல்

ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 'ற்ற'வை மேல் ஈற்றில் நிறுத்தி ஒலிப்பது, 'வெள்ளென', 'குசினி' போன்றவை இரு பக்கமும் கேட்கின்றன. ஆனால் 'ற்ற' ஒலிப்பு பழைய தமிழில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. தமிழகத்தின் நடுப்பகுதியில் தோன்றிய 'த்த' என்ற மாற்றம் ஓரங்களுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஓரங்கள் பழையதை வைத்திருப்பதை உலகெங்கும் பார்க்கலாம். ஒன்றாகக் காத்துவைத்தது உறவுக்குச் சான்று ஆகாது, ஒன்றாகப் புதிதாக மாற்றியதுதான் சான்று. 'உது', 'உவன்' என்ற உகரச் சுட்டு யாழ்ப்பாணத்தில் இன்னும் வழங்குகிறது, உங்களிடம் இல்லை. உங்கள் 'எனக்க' அவர்களிடம் இல்லை.

கேள்வி: டிவியும் ரீல்ஸும் வந்தபின் எல்லாரும் சென்னைத் தமிழ் பேசுவார்களா?
— வாசகி, குலசேகரம்

பேசமாட்டார்கள். சொற்கள் நாலைந்து ஒட்டும், உதிரும். ஒலியும் விகுதியும் மாற முகம் பார்த்துப் பேசும் ஆள் வேண்டும். அமெரிக்காவில் ஒரே தொலைக்காட்சியைப் பார்த்தபடியே நகரத்துக்கு நகரம் உச்சரிப்பு விலகிக்கொண்டு போனதை லபோவ் பதிவு செய்திருக்கிறார். விடுதியும் வேலையிடமும் கல்யாணமும்தான் ஆபத்து. மாற்றம் வரும்போதும் நடுவிலுள்ள சிற்றூர்களை விட்டுவிட்டு, பெரிய ஊரிலிருந்து அடுத்த பெரிய ஊருக்குத் தாவும்.

கேள்வி: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்று எதைச் சொல்ல வேண்டும்? வீட்டில் இரண்டும் புழங்குகிறது.
— வாசகர், களியக்காவிளை

குழந்தைப் பருவத்தில் உங்கள் தாய் உங்களிடம் பேசிய மொழி. தாய் சிறுவயதிலேயே இறந்திருந்தால், அப்போது வீட்டில் முதன்மையாகப் பேசிய மொழி. எழுத்து, சாதி, மாநிலம் எதுவும் இதில் சேராது. நீங்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டியது கணக்கெடுப்பாளர் கடமை. 2011-இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சீர்செய்து 1,369 ஆக்கி, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் 121 மொழிகளாகத் தொகுத்தார்கள். மற்றொரு மொழியைத் 'தெரிந்த மொழிகள்' கட்டத்தில் சொல்லுங்கள், இரண்டு வரை இடம் உண்டு.

கேள்வி: தாத்தா காலத்து ஆதாரம் (சொத்துப் பத்திரம்) மலையாள எழுத்தில் இருக்கிறது. 1098 என்று ஆண்டு போட்டிருக்கிறது. எப்படிப் படிப்பது?
— வாசகர், பூதப்பாண்டி

அது கொல்லம் ஆண்டு. ஆகஸ்ட் நடுவில், சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, பிறக்கும்போது ஆண்டும் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரையிலான தேதிக்கு 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி வரை 825. ஆக 1098 என்பது 1922 ஆகஸ்ட் முதல் 1923 ஆகஸ்ட் வரை. மாதத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டுவதால்தான் வில்லங்கச் சான்றில் ஓராண்டு தப்பித் தேடுகிறார்கள்.

எல்லை விவரத்தில் 'படிஞ்ஞாறு' என்றால் மேற்கு. மற்ற மூன்று திசையும் தமிழர் காதுக்குப் புரியும். 'பகுதி' என்பது வருவாய்க் கிராமம், 'பிடாகை' நாஞ்சில் நாட்டில் அதற்கும் பழைய பிரிவு. 'ஒற்றி' அடமானம், 'பாட்டம்' குத்தகை. பெரிய தவறு நடப்பது உறவுச் சொல்லில். 'காரணவர்' குடும்பத் தலைவர், 'அனந்தரவன்' பெண்வழி வாரிசான மருமகன், அதாவது சகோதரியின் மகன், அதைப் பேரன், மகன் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி (சகோதரியின் பிள்ளைகள் வாரிசாகும் முறை) வழக்கில் இருந்தது. சொத்துப் பங்கீட்டை மாற்றிய சட்டம் கொல்லம் 1101-இல், அதாவது 1926-இல் வந்தது. உங்கள் ஆதாரம் அதற்கு முந்தியது என்பதால் யார் பங்காளி என்ற கேள்வியே மாறிப்போகும். வீட்டிலுள்ள தாளை நம்பி முடிவு செய்யாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, மலையாளமும் தெரிந்த ஆவண எழுத்தர் ஒருவரிடம் வரி வரியாகத் தமிழில் எழுதி வாங்குங்கள். பெயர்களை மட்டும் இரண்டு எழுத்திலும் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லுங்கள். பட்டாவிலுள்ள பெயரோடு ஒப்பிட அது தேவைப்படும்.